நகரச் சாலைக்கு ஏற்ற மிதிவண்டியைத் தேர்ந்தெடுத்தல்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உடல் பருமன் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோருக்கு மாத்திரைகளைப் போலவே அன்றாட உடலுழைப்பும் இன்றியமையாதது. வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. வேலைக்கும் கடைக்கும் மிதிவண்டியில் சென்று வந்தால், தனியே நேரம் ஒதுக்காமலேயே இந்த அளவை எட்டலாம். உடல் எடையை இருக்கை தாங்குவதால், நடக்கும்போது வலிக்கும் முழங்கால்களுக்கும் இது பெரும்பாலும் ஏற்ற பயிற்சியாகும்.

அம்பத்தூர் பகுதிக்கு மிதிவண்டி புதிதன்று. 1949-இல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம் இங்கு ஆலை அமைத்துப் பல தலைமுறைகளுக்கு மிதிவண்டிகளைத் தயாரித்தது. ஆயினும், இன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சாலைகளில் சரக்கு லாரிகளும் பேருந்துகளும் ஷேர் ஆட்டோக்களும் மிகுந்துள்ளன. எனவே உடல்நிலைக்கும் சாலைக்கும் பொருந்தும் வண்டியைத் தேர்ந்தெடுப்பது அவசியம். பொருந்தாத வண்டி முதலில் முழங்கால் வலியையோ முதுகு வலியையோ தரும்; பிறகு பயன்பாடின்றி மாடிப்படியின் கீழ் நிற்கும்.

வாங்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

கீழ்க்காண்போர் மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பின்னரே மிதிவண்டி ஓட்டத் தொடங்க வேண்டும்.

- நெஞ்சுவலி, மாரடைப்பு, இதயச் செயலிழப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஏற்பட்டவர்கள்
- இரத்த அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள். இவர்கள் அழுத்தம் கட்டுக்குள் வரும்வரை காத்திருக்க வேண்டும்
- வலிப்பு நோய், அடிக்கடி தலைசுற்றல், மயக்கம் உள்ளவர்கள்
- நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், பாதங்களில் உணர்வு குறைந்தவர்கள்
- பக்கவாதத்திற்குப் பின் உடல் சமநிலை முழுமையாகத் திரும்பாதவர்கள்
- இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள். இவர்களுக்குச் சிறு விழுகையும் பெரும் இரத்தக்கசிவாக மாறக்கூடும்
- கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்

சாலையில் ஓட்டுவது உகந்ததன்று என மருத்துவர் கருதினால், வீட்டில் நிலையாக நிறுத்தி மிதிக்கும் உடற்பயிற்சி மிதிவண்டி மாற்று வழியாகும்.

வீட்டில் ஏற்கெனவே வண்டி உள்ளதா?

அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் 11-ஆம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி பல வீடுகளில் உள்ளது. பிள்ளைகள் படிப்பை முடித்தபின் அது பயன்படுத்தப்படாமல் இருக்கலாம். டயர், டியூப், பிரேக் கட்டை, செயின் ஆகியவற்றை மாற்றி, இருக்கையின் உயரத்தைச் சரிசெய்தால் சிறு தூரப் பயணத்திற்கு அதுவே போதுமானது. உயரம் பொருந்துகிறதா என்பதைக் கீழே கூறியுள்ள முறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வகை வண்டி?

சென்னையின் மேற்குப் புறநகர் பெரும்பாலும் சமதளம். மேம்பாலங்களைத் தவிர ஏற்றங்கள் குறைவு. ஆகவே 21 கியர்கள் தேவையில்லை. கியர் இல்லாத வண்டியோ, 6 அல்லது 7 கியர் உள்ள வண்டியோ போதும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்குக் கியர் பயன்படும். கிளம்பும்போதும் ஏற்றத்திலும் மூட்டுக்கு அழுத்தம் தராமல் எளிதாக மிதிக்கலாம்.

தடித்த டயர்களும் முன்பக்க ஷாக் அப்சார்பரும் கொண்ட வண்டிகள் பார்வைக்கு உறுதியாகத் தோன்றும். ஆனால் அவை கூடுதல் எடையையும் உழைப்பையும் கேட்கும். 35 முதல் 45 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் நம் சாலைகளின் குழிகளையும் வேகத்தடைகளையும் தாங்கும். மிக மெல்லிய டயர் கொண்ட பந்தய வகை வண்டிகளையும், முதுகை வளைத்துக் குனிய வைக்கும் தாழ்ந்த ஹேண்டில் பாரையும் தவிர்க்கவும்.

நடுக்கம்பி தாழ்ந்திருக்கும் வண்டி ‘லேடீஸ் சைக்கிள்’ எனப்படுகிறது. இப்பெயரைக் கருதி ஆண்கள் அதை ஒதுக்க வேண்டியதில்லை. காலை உயரத் தூக்க இயலாதவர்கள், இடுப்பு இறுகியவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள் அனைவருக்கும் ஏறி இறங்க அதுவே பாதுகாப்பானது. புடவை, வேட்டி அணிவோர் செயினை முழுதும் மூடும் கவசமும், பின் சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கும் வலையும் உள்ள வண்டியைக் கேட்டு வாங்கவும்.

மின்சார மிதிவண்டியும் நல்ல தேர்வே; தாமாக மிதித்தால்தான் பயிற்சியின் பலன் கிட்டும். மோட்டார் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட வண்டிகளுக்கு ஓட்டுநர் உரிமம் தேவைப்படுவதில்லை. விதிகள் கூறும் எல்லைக்குள் வண்டி அடங்குகிறதா என்பதற்கான சான்றைக் கடையில் கேட்டுப் பெறவும்.

அளவு பார்க்கும் முறை

1. வண்டியின் நடுக்கம்பிக்கு மேல் இரு கால்களையும் தரையில் ஊன்றி நில்லுங்கள். கம்பிக்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 3 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்.
2. இருக்கையில் அமர்ந்து, கீழே இறங்கியுள்ள பெடலின் மேல் குதிகாலை வையுங்கள். கால் ஏறத்தாழ நேராக வேண்டும். பின்னர் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். இதுவே சரியான உயரம்.
3. இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும். உயர்ந்திருந்தால் முழங்காலின் பின்புறமும் இடுப்பும் வலிக்கும்.
4. ஹேண்டில் பார் இருக்கையின் மட்டத்திலோ சற்று உயரத்திலோ இருக்கட்டும். மணிக்கட்டு வளையாமலும் முழங்கை சற்று மடங்கியும் இருக்க வேண்டும்.

மிக அகன்ற, மென்மையான இருக்கை எல்லாருக்கும் ஏற்றதன்று. 15 நிமிடங்களுக்குள் தொடை இடுக்கிலோ கைவிரல்களிலோ மரத்துப்போனால் இருக்கையைச் சமமட்டமாக்குங்கள். அப்போதும் தொடர்ந்தால் மருத்துவரிடம் கூறுங்கள்.

கடையில் சரிபார்க்க வேண்டியவை

- முன், பின் பிரேக்குகளைத் தனித்தனியே அழுத்தி வண்டியைத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் நகரக் கூடாது.
- முன் சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே இறுக்கி ஹேண்டில் பாரைத் திருப்புங்கள். அது தனியே சுழலக் கூடாது.
- இருக்கைக் குழாயில் உள்ள எல்லைக் குறி வெளியே தெரியக் கூடாது.
- சக்கரத்தைச் சுழற்றி, அசைவின்றிச் சுற்றுகிறதா எனப் பாருங்கள்.
- வண்டி தாங்கும் அதிகபட்ச எடையைக் கேளுங்கள். உடல் பருமன் உள்ளவர்கள் இதனைத் தவறாது கேட்க வேண்டும்.
- இயன்றால் 10 நிமிடங்கள் ஓட்டிப் பாருங்கள்.

ஒதுக்கிய தொகை முழுவதையும் வண்டிக்கே செலவிட வேண்டாம். ஹெல்மெட், முன் வெள்ளை விளக்கு, பின் சிவப்பு விளக்கு, மணி, பூட்டு, காற்றடிக்கும் பம்பு ஆகியவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். மிதிவண்டிக்கான ஜிஎஸ்டி 22.09.2025 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. இரசீது பெற்று இதனைச் சரிபார்க்கவும். புதிய வண்டியின் பிரேக் கம்பிகள் முதல் மாதத்தில் தளரும் என்பதால், ஒரு மாதத்திற்குப் பின் ஒரு முறை கடையில் சரிசெய்துகொள்ளவும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றைப் பயன்படுத்துவோருக்கு மிதிவண்டி ஓட்டும்போது இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறையக்கூடும். வாகனங்களுக்கு நடுவே ஏற்படும் மயக்கம் உயிருக்கே ஆபத்தாகும். எனவே,

- வெறும் வயிற்றில் ஓட்ட வேண்டாம். கிளம்பும் முன் சர்க்கரை அளவு 90-க்குக் கீழ் இருந்தால் சிற்றுண்டி எடுத்துக்கொண்டு, அளவு உயர்ந்த பின் புறப்படுங்கள்.
- அளவு 250-க்கு மேல் இருந்து, வாந்தி அல்லது காய்ச்சலும் இருந்தால் அன்று ஓட்டாமல் மருத்துவரை அணுகுங்கள்.
- சட்டைப்பையில் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை வைத்திருங்கள். நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் மங்கல் தோன்றினால் உடனே ஓரமாக இறங்கி, 3 தேக்கரண்டி சர்க்கரையை உட்கொள்ளுங்கள். 15 நிமிடங்களில் சரியாகவில்லையெனில் மீண்டும் உட்கொள்ளுங்கள்.
- அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். அவற்றை உட்கொள்வோருக்கு வியர்வையே முதல் அறிகுறியாக இருக்கலாம்.
- செருப்பு வேண்டாம். விரல்களை மூடும் காலணி அணியுங்கள். வீடு திரும்பியதும் பாதங்களைப் பாருங்கள்.

எப்போது, எங்கே, எவ்வளவு?

முதல் இரு வாரங்கள் நாளொன்றுக்கு 10 நிமிடங்கள், வாரத்தில் 5 நாட்கள் போதும். பின்னர் வாரந்தோறும் 5 நிமிடங்கள் கூட்டி 30 நிமிடங்களை எட்டலாம். ஓட்டும்போது பேச இயல வேண்டும். பாட இயலாத அளவு மூச்சு வாங்க வேண்டும். இதுவே மிதமான வேகம்.

சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை, தொழிற்பேட்டையின் சரக்கு வாகனச் சாலைகள் ஆகியவற்றைத் தொடக்கத்தில் தவிர்த்து, குடியிருப்பு உட்தெருக்களில் பழகுங்கள். லாரி, பேருந்து ஆகியவற்றின் இடப்புறம் ஒட்டி முந்த வேண்டாம். அங்கு வரும் உங்களை ஓட்டுநரால் காண இயலாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை 7.30 மணிக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். சிறுநீர் பெருக்கி மாத்திரை உட்கொள்வோருக்கு வெயிலில் நீர்ச்சத்து எளிதில் குறையும்.

வடகிழக்குப் பருவமழையின்போது தேங்கிய நீரில் ஓட்ட வேண்டாம். மூடியில்லாத கால்வாய்கள் கண்ணுக்குத் தெரியா. காலில் புண் உள்ளவர்களுக்கு அந்நீரால் எலிக்காய்ச்சலும் பரவக்கூடும்.

பராமரிப்பாளர்களின் கவனத்திற்கு

முதல் சில நாட்கள் உடன் செல்லுங்கள். செல்லும் வழி, திரும்பும் நேரம் ஆகியவற்றைக் கேட்டு வையுங்கள். பெயர், நோய், மாத்திரைகள், உங்கள் கைபேசி எண் எழுதிய அட்டையை அவர்களின் சட்டைப்பையில் வையுங்கள். சர்க்கரைக் குறைவு அன்றிரவும் ஏற்படலாம் என்பதால் இரவு உணவைத் தவிர்க்க விடாதீர்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊட்டாதீர்கள்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, அளவுக்கு மீறிய மூச்சுத்திணறல், மயக்கம், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் எது தோன்றினாலும் ஓட்டுவதை நிறுத்தி 108-ஐ அழையுங்கள். தலையில் அடிபட்டபின் வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

உடல்நல ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். இரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனைகளை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். மிதிவண்டி ஓட்டத் தொடங்கியபின் அளவுகள் குறைந்தாலும், மருத்துவரைக் கேளாமல் மாத்திரைகளைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.