ஏலமலை ஏறிய ஜீப்

கம்பம், போடி ஊர்களிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் வண்டி பெரும்பாலும் ஜீப்தான். மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பாகங்களைப் பூட்டித் தயாரிக்கத் தொடங்கியது. பிற்பாடு பெஜோ டீசல் இன்ஜின் வந்தது. போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் ஆள் தொங்க, தாழ்ந்த கியரில் உறுமிக்கொண்டே ஏறும். பழுதானால் இன்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து, திரும்ப ஏற்ற உள்ளூர்ப் பட்டறையே போதும்.

சொகுசுக் காருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1985-இல் சென்னை ஸ்டாண்டர்டு நிறுவனம் கொண்டுவந்த ‘ஸ்டாண்டர்டு 2000’, இங்கிலாந்து ரோவரின் நவீன உடலுக்குள் அரதப்பழசான 2 லிட்டர் இன்ஜினைத் திணித்தது. விலை எக்கச்சக்கம், பெட்ரோலையும் குடித்தது. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. உதிரிபாகத்துக்கு அலையும் வேலை வாங்கியவர் தலையில் விழுந்தது.