இடது காலுக்கு விடுதலை!

நடுவர் அவர்களே! எதிரணியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! இந்த அரங்கத்திலும், வீட்டிலும் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

வேகமாக ஓடும் காருக்கு ஏற்றது கையால் போடும் கியரா, தானாக விழும் கியரா என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பேசிய நண்பர், "கியர் போடத் தெரியாதவன் ஸ்டியரிங்கையே தொடக் கூடாது, ஆட்டோமேட்டிக் என்பது சோம்பேறிகளின் கார்" என்று ஒரே போடாகப் போட்டார். கைதட்டலும் வாங்கிக்கொண்டு போயிட்டார். அந்தச் 'சோம்பேறி' என்கிற வார்த்தையை மட்டும் நான் சும்மா விடப் போறதில்லை ஐயா. இந்த வழக்கில் என் பக்கம் சாட்சி சொல்ல வருகிறவர்கள் எல்லாம் பந்தயத்தில் உயிரைப் பணயம் வைத்தவர்கள்.

தாய்மார்களுக்காக ஒரு நிமிஷம். கியர் எதுக்கு? எஞ்சின் என்பது மெதுவாகச் சுற்றும்போது பலம் இல்லாத பிராணி. நன்றாகச் சுற்றினால்தான் அதுக்கு உடம்பில் தெம்பு வரும். ஆனால் நின்னுக்கிட்டிருக்கிற வண்டி கிளம்புறப்போ சக்கரம் மெதுவாத்தான் சுத்தணும். எஞ்சினுக்கு அவசரம், சக்கரத்துக்கு நிதானம். இந்த ரெண்டு பேருக்கும் நடுவில் குடும்பம் நடத்தி வைக்கிறதுதான் கியர். (சிரிப்பு) ஒரு கியரிலிருந்து இன்னொரு கியருக்குப் போகும்போது அவர்களைக் கொஞ்ச நேரம் பிரித்து வைக்கிறதே, அதுதான் கிளச்சு. இடது காலின் ஆயுள் தண்டனை.

பிரான்ஸில் 1891-ல் பனார், லெவாசோர் என்று இரண்டு கூட்டாளிகள். எஞ்சின் முன்னால், அதுக்குப் பின்னால் கிளச்சு, அப்புறம் கியர்ப்பெட்டி, கடைசியில் பின் சக்கரத்துக்குப் பலம் என்று ஒரு வரிசையை அமைத்தார்கள். பிற்காலத்துக் கார்களில் பெரும்பாலானவை அந்த வரிசையைத்தான் பல பத்தாண்டுகள் பிடித்துக்கொண்டு போயின. இந்த லெவாசோர் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1895-ல் பாரிஸிலிருந்து போர்தோவுக்குப் போய்த் திரும்புகிற பந்தயத்தில், சுமார் 1,180 கிலோமீட்டர் தூரத்தை 48 மணி 48 நிமிடத்தில் ஓட்டி முதல் ஆளாக வந்து சேர்ந்தார். (பாவம், வண்டியில் இரண்டு பேர்தான் உட்கார முடியும், நாலு பேர் உட்காரும் வண்டிக்குத்தான் முதல் பரிசு என்று சொல்லிவிட்டார்கள்!)

ஆனால் அவர் செய்த கியர் எப்படிப்பட்டது? சுழன்றுகொண்டிருக்கும் ஒரு பல்சக்கரத்தை, வேறு வேகத்தில் சுழலும் இன்னொரு பல்சக்கரத்துக்குள்ளே தள்ளணும். இரண்டும் ஒத்துப் போகவில்லை என்றால், 'கரகர'ன்னு தெருவே திரும்பிப் பார்க்கும். அதுக்காகத்தான் நம்ம ஊர்ப் பழைய லாரி டிரைவர்கள் 'டபுள் கிளச்' போட்டார்கள். ஒரு மிதி மிதிச்சு நியூட்ரலுக்கு வந்து, எஞ்சின் வேகத்தைச் சரிபண்ணி, மறுபடி ஒரு மிதி மிதிச்சுப் போடணும். மலைப்பாதையில் ஒரு நாளைக்கு எத்தனை மிதி என்று அந்த டிரைவர் முழங்காலைக் கேட்டால் தெரியும்.

1928-ல் அமெரிக்காவில் கேடிலாக் கம்பெனி 'சிங்க்ரோமெஷ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டு பல்சக்கரங்களையும் ஒன்றோடொன்று உரச விட்டு, வேகத்தைச் சமமாக்கி, பிறகு சேர்த்து வைக்கிற ஏற்பாடு. டிரைவர் காதாலும் காலாலும் செய்துகொண்டிருந்த வேலையை ஒரு பித்தளை வளையம் எடுத்துக்கொண்டது. இப்ப நான் எதிரணியைக் கேக்கிறேன். நீங்க 'சுத்தமான கை கியர்'னு கொண்டாடுற காரில் இந்த வளையம் இருக்கா, இல்லையா? இருக்கு. அப்ப பாதி வேலையை இயந்திரம் செய்தால் வீரம், முழு வேலையையும் செய்தால் சோம்பேறித்தனமா? (கைதட்டல்)

ஒன்றை நான் மறைக்க மாட்டேன். ஆரம்பத்தில் வந்த ஆட்டோமேட்டிக்குகள் வேகத்துக்கு உதவவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல் அறிமுகப்படுத்திய 'ஹைட்ராமாட்டிக்' குடும்பக் கார்களுக்கு நன்றாக உழைத்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க டாங்கிகளில் கூடப் போனது. ஆனால் எஞ்சினின் பலத்தில் ஒரு பங்கை உள்ளே இருக்கும் எண்ணெயே குடித்துவிடும். தேவையான நேரத்தில் கியர் விழாது, தேவையில்லாதபோது விழும். பந்தயக்காரர்கள் அதை ஒதுக்கியதில் நியாயம் இருந்தது.

அந்த நியாயத்தை முதலில் உடைத்தவர் டெக்சாஸைச் சேர்ந்த ஜிம் ஹால். சாப்பரல் என்று சொந்தமாகப் பந்தயக் கார் கட்டினார். செவர்லே கம்பெனி எஞ்சினியர்களின் உதவியோடு கிளச்சு மிதியே இல்லாத கியர்ப்பெட்டியை அதில் பொருத்தினார். எந்தக் கியர் என்பதை டிரைவர்தான் தீர்மானிப்பார். மிதிக்கிற வேலை மட்டும் இல்லை. 1965-ல் புளோரிடாவில் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயம். அன்றைக்குப் பெய்த மழையில் ஓடுபாதை ஏரி மாதிரி ஆகிவிட்டது. அந்தத் தண்ணீரில் ஜெயித்தது ஹாலும் ஹாப் ஷார்ப்பும் ஓட்டிய இந்த 'சோம்பேறி' கார்தான்.

அதோடு விட்டாரா மனுஷன்? 'இடது கால் சும்மா இருக்கே'ன்னு யோசிச்சார். 1966-ல் செய்த காரில் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இறக்கையை நிறுத்தி வைத்தார். வளைவுகளில் அது காற்றை வாங்கி, காரைத் தரையோடு சேர்த்து அமுக்கும். நேர் ரோட்டில் இடது காலால் ஒரு மிதியை அழுத்தினால் இறக்கை படுத்துக்கொள்ளும், கார் பறக்கும். கிளச்சிலிருந்து விடுதலையான கால் வீட்டில் தூங்கவில்லை ஐயா, அடுத்த வேலைக்குப் போயிருச்சு!

ஜெர்மனியில் போர்ஷே கம்பெனி 1967-ல் 'ஸ்போர்ட்டோமாட்டிக்' என்று ஒரு பாதி வழி கண்டுபிடித்தது. கியர் கம்பைத் தொட்டாலே கிளச்சு தானாக விலகிவிடும். பழக்க தோஷத்தில் கம்பின்மேல் கையை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் பாடு திண்டாட்டம். எஞ்சின் கத்தும், வண்டி நகராது. (சிரிப்பு) ஆனால் அதே ஆண்டில் நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரம் ஓடும் பந்தயத்தில் ஜெயித்தது இந்தக் கியர் வைத்த போர்ஷே 911-தான். மூன்றரை நாள்! கை கியர்க்காரர்கள் இந்தக் கதையை மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

இப்போது முக்கியமான சாட்சி. 1989, மார்ச் 26. பிரேசிலில் ரியோ நகரம். பெராரி கம்பெனியின் புதிய பார்முலா ஒன் கார். அதை வடிவமைத்தவர் ஜான் பர்னார்ட் என்ற ஆங்கிலேயர். அவருடைய நோக்கம் சொகுசு இல்லை. கார் ஒல்லியாக இருந்தால் காற்றை எளிதாகக் கிழிக்கும். டிரைவரின் வலது கைப்பக்கம் கியர் கம்பு, அதிலிருந்து பின்னால் போகிற நீளத் தண்டு, கையை ஆட்ட இடம் என்று எல்லாம் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. எடுத்து எறிந்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்பு. ஒன்றைத் தட்டினால் கியர் ஏறும், இன்னொன்றைத் தட்டினால் இறங்கும். வண்டியைக் கிளப்பத்தான் கிளச்சு. ஓடும்போது மின்சாரமும் எண்ணெய் அழுத்தமும் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

சோதனை ஓட்டத்தில் அந்தக் கார் திரும்பத் திரும்ப நின்றது. அதை ஓட்ட வேண்டிய நைஜல் மான்செல், எப்படியும் பாதியில் நின்றுவிடும் என்று நம்பி, சீக்கிரம் கிளம்பும் விமானத்துக்கு டிக்கெட் போட்டிருந்ததாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். பந்தயம் ஆரம்பித்தது. நடுவில் ஸ்டியரிங்கே ஆட்டம் கண்டு, நிறுத்தி வேறு ஸ்டியரிங் மாட்டினார்கள். ஆனால் கியர் நிற்கவில்லை. மான்செல் ஜெயித்தார், விமானம் அவர் இல்லாமல் போயிருச்சு. அன்றைக்கு இரண்டாவதாக வந்தவர் யார் தெரியுமா? கையால் கியர் போடும் மெக்லாரன் காரில் அலன் புரோஸ்ட். அவருக்கு என்ன தொல்லை? கிளச்சு போச்சு! (பலத்த கைதட்டல்)

அதுக்கு அடுத்த மாதம் இத்தாலியில் இமோலா. அதே பெராரியில் கெர்ஹார்ட் பெர்கர் சுவரில் மோதி, கார் தீப்பிடித்தது. காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் கைகளில் தீக்காயம். அவர் தவறவிட்டது மொனாக்கோ என்ற ஒரே ஒரு பந்தயம். மே 28-ல் மெக்சிகோவில் மறுபடி ஓட்ட வந்துவிட்டார். வெந்த கையோடு கம்பைப் பிடித்து இழுக்க வேண்டிய கார் இல்லையே அது, விரல் நுனியால் தட்டுகிற கார்.

எதிரணித் தலைவர் அடுத்து எழுந்து சென்னாவைச் சொல்வார், எனக்குத் தெரியும். அதனால் நானே சொல்லிடறேன். 1991, சாவோ பாவ்லோ. அயர்டன் சென்னா தன் சொந்த நாட்டில் அதுவரை ஜெயித்ததே இல்லை. கை கியர் மெக்லாரன். முதலில் நாலாவது கியர் போனது, பிறகு ஒவ்வொன்றாய்ப் போய், கடைசிச் சுற்றுகளில் ஆறாவது கியர் மட்டும் மிச்சம். குறுகலான வளைவிலும் ஆறாவது கியர்! மூன்று விநாடிக்கும் குறைவான இடைவெளியில் ஜெயித்தார். காரை விட்டு அவரால் இறங்க முடியவில்லை, தூக்கித்தான் எடுத்தார்கள். மேடையில் கோப்பையைத் தூக்கத் தோளில் பலம் இல்லை.

இதைக் கேட்டுக் கண் கலங்காதவன் மனுஷனே இல்லை. எனக்கும் கலங்கும். அன்றைக்கு அவரை விரட்டிக்கொண்டு வந்த மான்செலின் காரில் இருந்தது துடுப்புக் கியர், அதுவும் கெட்டுப்போய் அவர் பந்தயத்தைவிட்டே வெளியேறினார் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நண்பரே, சென்னாவின் பெருமை சென்னாவுக்கு. அதைக் கியர்ப்பெட்டி எப்படிப் பங்கு கேட்கும்? அவரைப் பாடாய்ப் படுத்தியதே அந்தப் பெட்டிதானே! மருமகளை அழவெச்ச மாமியார், "என்னாலதான் இவ பொறுமைசாலி ஆனா"ன்னு சொல்ற மாதிரி இல்ல இருக்கு? (நீண்ட சிரிப்பு)

அதற்குப் பிறகு கதை வேகமாக முடிந்தது. 1995-ல் போர்ட்டி என்ற சின்ன இத்தாலிய அணி ஒன்றுதான் பார்முலா ஒன்னுக்குக் கை கியரோடு வந்தது. ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. 1997-ல் பெராரி தெருவில் ஓடும் காரிலும் துடுப்பை வைத்தது. 2003-ல் வோக்ஸ்வாகன் இரண்டு கிளச்சு வைத்த கியரைக் கொண்டுவந்தது. ஒன்று, மூன்று, ஐந்தாம் கியருக்கு ஒரு கிளச்சு; இரண்டு, நாலு, ஆறுக்கு இன்னொன்று. அடுப்பில் இரண்டு தோசைக்கல் போட்டிருக்கிற அம்மா மாதிரி. இதில் தோசை எடுக்கும்போது அதில் அடுத்தது வெந்து தயாராக இருக்கும், இலையில் இடைவெளியே விழாது. இதுவும் பந்தயத்தில் பிறந்ததுதான். 1986-லேயே போர்ஷே 962 என்ற கார் இப்படிப்பட்ட கியரோடு மான்சாவில் ஜெயித்திருக்கிறது.

போர்ஷே 2013-ல் தன்னுடைய ஜிடி3 காரிலிருந்து கை கியரையே எடுத்தபோது ரசிகர்கள் கோபப்பட்டார்கள். 2016-ல் 911 ஆர் என்று கை கியரோடு 991 கார் மட்டும் செய்தார்கள். வாங்கினவங்க மறுவிலைக்கு விற்றபோது விலை எங்கேயோ போனது. 2017-ல் ஜிடி3-யிலும் கை கியரைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதாவது, கை கியரில் ஒரு சுகம் இருக்கு. இருக்கட்டும். வீணை வாசிக்கிறதில் சுகம் இருக்கு, அதுக்காக வீணை வாசிக்கத் தெரியாதவன் பாட்டே கேக்கக் கூடாதுன்னு சொல்லலாமா?

நம்ம ஊருக்கும் வருவோம். 2014-ல் மாருதி செலேரியோ கார் கிளச்சு மிதி இல்லாமல் வந்ததே, நினைவிருக்கிறதா? கியர்ப்பெட்டி பழைய கை கியர்ப்பெட்டிதான். கிளச்சை அழுத்தவும் கியரை மாற்றவும் மட்டும் ஒரு கருவி. அந்தக் கருவியைக் கொடுத்த கம்பெனி மாக்னெட்டி மாரெல்லி. 1989-ல் ரியோவில் மான்செல் காரின் கியருக்கு மின்னணுவியல் செய்து கொடுத்த அதே கம்பெனி! முட்டி வலியோடு சிக்னலுக்கு சிக்னல் மிதித்துக்கொண்டிருந்த எத்தனையோ அப்பாக்கள் மறுபடி காரை வெளியே எடுத்தார்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு ஆள், முடித்துவிடுகிறேன். பிரெட்ரிக் சோசே, பிரெஞ்சுக்காரர். 2012-ல் ஒரு நோய்த்தொற்றில் இரண்டு கைகளையும் இரண்டு கால்களையும் இழந்தார். அதற்குப் பிறகுதான் அவருக்கு லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டணும் என்ற பிடிவாதம். கிளச்சு மிதிக்கக் கால் இல்லை, கம்பைப் பிடிக்கக் கை இல்லை. தொடைகளால் ஆக்சிலேட்டரும் பிரேக்கும், மிச்சம் இருந்த வலது கையின் முனையோடு பொருத்திய ஸ்டியரிங். 2016, ஜூன் மாதம். இரண்டு தோழர்களோடு மாறி மாறி ஓட்டி, 24 மணி நேரமும் முடித்து, 38-ஆவதாக வந்து கொடியைக் கடந்தார். அவரிடம் போய் எதிரணி நண்பர் 'சோம்பேறி' என்று சொல்லட்டும், நான் மைக்கைப் பிடிக்கிறேன்.

மணி அடித்துவிட்டது.