எம்-புக்கில் இல்லாத கேள்வி

கொடைக்கானல் ஏரியில் கழிவுநீர் கலக்கிறது என்ற புகார் மிகப் பழையது. அதைத் தடுக்கப் பாதாளச் சாக்கடை போடுவதானால் ஒப்பந்தத்தை எப்படி எழுத வேண்டும்? இதைத் தேடித்தான் பழைய காகிதங்களுக்குள் இறங்கினேன்.

முதல் தடயம் ஆண்டுக்கணக்கில் இருந்தது. மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கியது 1863-இல். நகராட்சி அமைந்தது 1899-இல். வடிகாலுக்குப் பொறுப்பேற்க ஒரு நகராட்சி வருவதற்கு 36 ஆண்டுகள் முன்பே ஏரி வந்துவிட்டது. (தேடப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: கொடைக்கானல் இருக்கும் திண்டுக்கல் மாவட்டம் பிறந்ததே 1985-இல்தான். அதற்கு முந்தையவற்றை மதுரை மாவட்டத்தின் பெயரில் கேளுங்கள்.)

அடுத்து, சாக்கடைப் பணிகளின் எம்-புக், அதாவது அளவுப் பதிவேடு. எத்தனை மீட்டர் பள்ளம், மேன்ஹோல் எவ்வளவு ஆழம், பாறை உடைத்தது எத்தனை கன மீட்டர் என்று எல்லாம் அளந்து எழுதப்படும். அந்த அளவுக்குத்தான் பில். பதித்த குழாயில் கழிவுநீர் ஓடியதா என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டமும் யாருக்கு வேலை தருவது என்பதை முறைப்படுத்துகிறதே தவிர, இதைத் தொடுவதில்லை.

விடை சென்னையை ஒட்டியிருந்த ஆலந்தூர் நகராட்சியில் கிடைத்தது. அங்கே பள்ளம் தோண்டும் முன்பே வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை வாங்கினார்கள். 2000-இல் ஐவிஆர்சிஎல் நிறுவனத்துக்குப் பணி போனது. குழாய் பதிப்பதற்கு அளவுக்கேற்ற பணம். அதோடு ஐந்தாண்டுப் பராமரிப்பு. சுத்திகரிப்பு நிலையமோ கட்டி, நடத்தி, ஒப்படைக்கும் முறையில். சுத்திகரித்த அளவுக்குக் கட்டணம். குறைந்தபட்சம் இவ்வளவு கழிவுநீர் வரும் என்று நகராட்சி உறுதி கொடுத்தது. வராவிட்டாலும் பணம் தந்தாக வேண்டும். அதனால் இணைப்புகளைச் சேர்ப்பது நகராட்சியின் சொந்தக் கவலையானது. நான் தேடிய நிபந்தனை இதுதான்.

ஆனால் அதை அப்படியே மலைக்குக் கொண்டுபோனால் ஆபத்து. 2011 கணக்கெடுப்பில் கொடைக்கானலின் மக்கள்தொகை 36,501. சீசனில் ஊரே வேறு. சீசன் கூட்டத்தை வைத்து உறுதி கொடுத்தால், மற்ற மாதங்களில் வராத கழிவுநீருக்கு நகராட்சி பணம் கட்டும். உள்ளூர்த் தொகையை வைத்து நிலையம் கட்டினால் மே மாதத்தில் மிஞ்சுவது ஏரிக்குத்தான் போகும். உறுதி மாதவாரியாக இருக்க வேண்டும். அதற்கான கணக்கு இப்போது கையில் இருக்கிறது: 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள, கொடைக்கானலுக்கு வருவோருக்கான இ-பாஸ் பதிவு.

கொடைக்கானல் வாசிகளே, டெண்டர் விடும்போது திட்ட மதிப்பை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, நிபந்தனைப் பக்கங்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.