வியாபாரம் என்னும் சொல்

கோவை உக்கடத்தில் நாள்தோறும் நம் செவியில் விழும் சொல் ‘யாவாரம்’. ‘வியாபாரம்’ என்னும் வடசொல்லே மக்கள் நாவில் இவ்வாறு மருவிற்று. வடமொழியில் அதன் முதற்பொருள் இலாபமன்று, விற்பனையுமன்று. செயல், அலுவல், ஒன்றில் முனைந்து ஈடுபடுதல் என்பனவே.

தமிழகத்தில் வணிகத்தைச் சுட்டிய பழஞ்சொற்கள் வேறும் உண்டு. உக்கடம் பெரியகுளத்திற்கு நீர் தரும் நொய்யலின் கரையில், கிழக்கே, கொடுமணல் உள்ளது. அங்குக் கிடைத்த பானையோடு ஒன்றில் ‘நிகம’ எனத் தமிழி எழுத்தில் பொறித்துள்ளனர். நிகமம் என்பது வணிகர் குழு. மதுரையை அடுத்த மாங்குளக் கல்வெட்டிலும் இச்சொல்லைக் காண்கிறோம்.

‘வாணிகம்’ என்னும் சொல்லை வள்ளுவர் 120ஆம் குறளில் ஆள்கிறார். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுவதே வாணிகம் என்பது அவர் கருத்து. அக்குறளை அவர் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், ‘நடுவு நிலைமை’ அதிகாரத்தில் வைத்தார்.

ஆக, வியாபாரம் உழைப்பையும், நிகமம் கூட்டுறவையும், வள்ளுவரின் வாணிகம் நேர்மையையும் நமக்கு உணர்த்துகின்றன. இம்மூன்றும் நீங்கிய தராசில் எஞ்சுவது இலாபம் ஒன்றே. அதனை வியாபாரம் என்றழைக்க அச்சொல்லே இடந்தராது.