குரல்வளைப் பிம்ப அளவை

அகநோக்கிக் குழாய் காட்டும் பிம்பத்திலிருந்து குரல்வளையின் பரிமாணங்களை, காண்பவரின் அபிப்பிராயத்தை நம்பாது, எண்ணால் நிர்ணயிக்கும் முறை. 1854-இல் சங்கீத ஆசிரியர் மானுவேல் கார்ஸியா பல்வைத்தியரின் சிறு கண்ணாடியால் தம் குரல்நாண்களைத் தாமே கண்ட நாள்தொட்டுக் காட்சி உண்டு. அளவுகோல்தான் இல்லை, ஏனெனில் வில்லை சற்றே நெருங்கினும் உருவம் பெருத்துவிடும். ஆகவே, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திக் குரல் கம்மிய ஒருவர் போரூருக்கு வைத்தியம் நாடி வந்தால், அவர் நாக்கைத் துணியால் பற்றி, ‘ஈ’ என்று நீட்டச் சொல்லிப் பதிந்த படத்தில், நாண்கள் மூடும்போது எஞ்சும் இடைவெளியின் பரப்பை நாண் நீளத்தின் வர்க்கத்தால் வகுத்து, நூறால் பெருக்கி விகிதமாகக் கூறுதல் வழக்கு. இது தூரத்தை அறியாமையைச் சாதுரியமாகக் கடந்த உபாயமே. இடைத்தூரம் தெரிந்த இரு இணை லேசர்ப் புள்ளிகளை நாண்மீது வீழ்த்தினாலோ, மில்லிமீட்டரிலேயே அளந்துவிடலாம்.