மேகத்துக்குள் 21 ஆண்டுகள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், அட்லாண்டிக் சமுத்திரத்தின் நீர் நிலத்தைக் குடைந்துகொண்டு நெடுந்தூரம் உட்புகுந்திருக்கும் லின்னி என்னும் கடற்கழியின் தலைப்பில், ஃபோர்ட் வில்லியம் என்ற சிற்றூர் இருக்கிறது. அவ்வூருக்கு அருகே 1,345 மீட்டர் உயர்ந்து, பிரிட்டிஷ் தீவுகள் யாவற்றிலும் உன்னதமான சிகரம் என்ற பெருமையுடன் நிற்பது பென் நெவிஸ். பெரும் பர்வதங்களைக் கண்டவர்களுக்கு இந்த உயரம் ஒரு பொருட்டாகத் தோன்றாமற் போகலாம். ஆயினும் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று வழியில் வேறு தடையின்றி வந்து மோதும் இடமாகையால், அதன் உச்சி ஆண்டின் பெரும்பகுதி மேகத்துக்குள்ளேயே மறைந்து கிடக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தந்திக் கம்பிகள் ஊர்தோறும் சென்றுவிட்ட காரணத்தால், பல இடங்களின் காற்றழுத்தத்தை ஒரே வேளையில் திரட்டி மறுநாள் வானிலையை முன்னறிந்து கூறும் முயற்சி இங்கிலாந்தில் ஏற்பட்டிருந்தது. கடற்படைத் தளபதி ஃபிட்ஸ்ராய் 1861-ஆம் ஆண்டிலேயே அத்தகைய முன்னறிவிப்புகளைப் பத்திரிகைகளில் வெளியிடத் தொடங்கிவிட்டார். ஆனால் அக்கணக்குகளெல்லாம் தரைமட்டத்துக் கணக்குகளே. மேகம் பிறக்கும் உயரத்தில் நிகழ்வது என்ன என்பதை அறிய, மலையுச்சியில் மனிதன் குடியிருப்பதைத் தவிர நம்பத்தக்க உபாயம் அன்று இல்லை.

அந்த உபாயம் சாத்தியமானது என்று தன் உடலுழைப்பால் நிரூபித்தவர் கிளெமென்ட் ராக் என்னும் இளைஞர். 1881-ஆம் ஆண்டின் கோடையிலும் அதற்கடுத்த கோடையிலும், விடியற்காலையில் புறப்பட்டு நாள்தோறும் உச்சிக்கு ஏறி அவர் கருவிகளின் அளவுகளைக் குறித்துவர, அதே வேளைகளில் அவருடைய மனைவி கீழே கடல்மட்டத்தில் இருந்துகொண்டு அவ்வளவுகளைக் குறித்துவந்தார். மேலும் கீழும் ஒப்பிடக் கணக்கு வேண்டுமாகையால், அந்த அம்மையாரின் பங்கு இல்லாவிடில் கணவரின் மலையேற்றம் விஞ்ஞானத்துக்குப் பாதிப் பயனே தந்திருக்கும். ஸ்காட்லாந்து வானிலைச் சங்கம் ராக்குக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. பொதுமக்கள் நன்கொடை அளித்தார்கள். 1883-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கனத்த கற்சுவர்களோடு ஒரு நிலையம் சிகரத்தின்மேல் திறக்கப்பட்டது. அதன் தலைமைப் பதவியோ ராக்குக்குக் கிட்டவில்லை. ராபர்ட் ஓமண்ட் என்பவர் அதை ஏற்றார். ராக் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, புயல்களுக்குப் பெயரிடும் வழக்கத்தை அங்கே தொடங்கிவைத்தார்.

அந்நிலையத்தின் ஹேமந்த காலத்தை நினைத்தால் மனம் நடுங்குகிறது. இலையுதிர்காலம் முடிந்தபின் மட்டக்குதிரைகள் மேலே வர இயலாதாகையால், உணவும் எரிபொருளும் கோடையிலேயே சேமிக்கப்பட்டன. வாசலைப் பனி மூடிவிடும் மாதங்களில் வெளியே செல்வதற்கென்றே ஒரு கோபுரம் கட்டி, அதன் மேற்பகுதியில் கதவு வைத்தார்கள். இவ்வளவு இடரிலும் இரவுபகலாக மணிக்கொருமுறை அளவெடுப்பதே அங்கே நியதியாக இருந்தது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் மிதக்கும் மேகத்துளிகள், திடப்பொருள் ஒன்றில் பட்ட கணமே உறைந்துவிடும் இயல்புடையவை. ஆகவே காற்று வீசும் திசையை நோக்கிக் கருவிகளின்மேல் வெண்பனி சிறகு சிறகாக வளர்ந்தது, அதைத் தட்டி உடைத்த பின்னரே வெப்பமானியைப் படிக்க முடிந்தது.

மேகங்களின் பிறப்பை இவர்களைப்போல் அணுகிக் கண்டவர் அக்காலத்தில் சிலரே. மலைச்சரிவில் ஏறும் காற்று, மேலே அழுத்தம் குறைவதால் விரிகிறது. விரிவதற்கு வேண்டிய சக்தியைத் தன் உஷ்ணத்திலிருந்தே செலவிடுவதால் குளிர்கிறது. குளிர்ந்த நீராவி, தூசியையும் கடலுப்பின் நுண்துகளையும் பற்றிக்கொண்டு துளியாகிறது. அங்ஙனம் உருவான மேகமே சிகரத்தைப் போர்த்தியது. குளிர்கால உயரழுத்த நாட்களிலோ நிலைமை நேர்மாறாக இருக்கும்: மேற்காற்று தாழ்ந்திறங்கி வெம்மையுற்று, பள்ளத்தாக்கில் தேங்கிய குளிர்காற்றின்மேல் ஒரு மூடிபோல் அமர்ந்துவிட, அதனடியில் படை மேகம் கடலெனப் பரவும், ஃபோர்ட் வில்லியம் இருளில் நடுங்க, சிகரம் வெயிலில் ஊரைவிட வெதுவெதுப்பாக நிற்கும். அட்லாண்டிக் தாழ்வழுத்தம் நெருங்குவதற்கு முன்பு, மிக உயரத்தில் பனிப்படிகங்களாலான கீற்று மேகங்கள் தோன்றி, சூரியனைச் சுற்றி வட்டமிட்டு, நாழிகைக்கு நாழிகை தடித்துக் கார்மேகமாய் இறங்கும். லூக் ஹோவர்ட் என்ற லண்டன் மருந்து வணிகர் 1802-இல் மேகங்களுக்கு வகுத்தளித்த லத்தீன் பெயர்களை அடியொற்றியே இக்காட்சிகள் ஏட்டில் ஏறின.

1894-ஆம் ஆண்டு செப்டம்பரில், விடுப்பில் சென்றவர் ஒருவருக்குப் பதிலாளாக, சி. டி. ஆர். வில்சன் என்னும் 25 வயது இளைஞர் இரண்டு வாரங்கள் அங்கே தங்கினார். கீழே கிடந்த மேகத்தின்மேல் விழுந்த மலையின் நிழலைச் சுற்றி வண்ண வளையங்கள் ஒளிர்வதைக் கண்ட அவர், அம்மேகத்தைச் சோதனைச்சாலையிலேயே படைத்துப் பார்க்கவேண்டுமென்ற அவாவுடன் கேம்பிரிட்ஜ் திரும்பினார். ஈரக்காற்றைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்துத் திடீரென்று விரியச் செய்து, தூசி இல்லாதவிடத்தும் மின்னேற்றம் பெற்ற அணுக்களின்மேல் துளிகள் படிவதை அவர் கண்டறிந்தார். 1911-இல், கண்ணுக்குப் புலனாகாத அணுத்துகள்கள் சென்ற தடம் மேகக்கோடாகத் தெரிந்தது. 1927-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசில் அவர் பங்கு பெற்றார். ஓர் இளைஞனின் இரண்டு வார வாசம் அணுவியலுக்குக் கண் கொடுத்தது என்றால் அது மிகையன்று.

அத்தகைய நிலையம் 1904-இல் பணமின்மையால் மூடப்பட்டது. முழுச் செலவையும் தாங்க அரசாங்கம் முன்வரவில்லை, நன்கொடைகளும் வற்றிப்போயின. உடனடி முன்னறிவிப்புக்கு எவ்வளவு உதவிற்று என்பதை மட்டும் கொண்டு இடையறாத பதிவின் மதிப்பை அளந்தது பெருந்தவறு என்றே நான் கருதுகிறேன். 2017-ஆம் ஆண்டில், ரெடிங் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் விடுத்த அழைப்பை ஏற்று, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் அப்பழைய ஏடுகளின் எண்களைக் கணினியில் ஏற்றினார்கள். அக்காலத்துப் புயல்களை மீண்டும் வரைந்து ஆராய அவை இப்போது பயன்படுகின்றன. சிகரத்தில் எஞ்சியிருப்பவை இடிந்த சுவர்கள் மட்டுமே. மனிதர் தங்கியிருந்து மணிக்கொருமுறை வானை நோக்கும் நிலையம் அங்கே மறுபடியும் ஏற்படவில்லை.