எழுத்துருக் காலமும் அதன் பின்னும்: வெக்ஸ்போர்ட்டிலிருந்து நோக்கும் தமிழ் இணையம்

1983ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் கனடாவை அடைந்த ஈழத்தமிழருள் பெருந்தொகையினர் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியமர்ந்தனர். அதன் மேற்கே, லாரன்ஸ் கிழக்குச் சாலையை ஒட்டி அமைந்த வெக்ஸ்போர்ட்டும் இக்குடியேற்றத்தின் எல்லைக்குள் அடங்குவதே. 1990களின் நடுப்பகுதியில் இத்தகைய புலம்பெயர் இல்லங்களுக்குள் இணையம் நுழைந்தபோது, தமிழ் அங்கு ஓர் எழுத்துருச் சிக்கலாகவே வந்து சேர்ந்தது.

ஈழத்தமிழரிடையே பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். தட்டச்சுப்பொறி முறையைத் தழுவிய அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ ஆகிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். எழுதியவரிடம் உள்ள எழுத்துருவே வாசிப்பவரிடமும் இருத்தல் வேண்டும். எனவே அன்றைய வாசகர் எழுத்துருவைத் தேடி இறக்கி நிறுவக் கற்றவர், ஓரளவுக்கேனும் தொழில்நுட்பர்.

இவ்விடர்ப்பாடே ஆக்குநர்களையும் உருவாக்கிற்று. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் மயிலை எழுத்துருவை அமைத்த கு. கல்யாணசுந்தரம் எனத் தொடக்ககால முயற்சிகள் பலவும் தமிழகத்திற்கு வெளியிலிருந்தே எழுந்தன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலரின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கியது. ஒற்றுமை எளிதில் வாய்த்துவிடவில்லை. 1999இல் சென்னையில் டாம், டாப் குறியீடுகள் ஏற்கப்பட்ட பின்னரும் அயலகத்தார் பலர் திஸ்கியையே கையாண்டனர்.

யூனிகோடு இப்பூசலைத் தணித்தது. விண்டோஸ் 2000 அதனைத் தமிழுக்கு ஏற்றது. தமிழக அரசு 2010இல் ஏற்றது. திறன்பேசியின் வருகையோடு எழுத்துருவைப் பற்றி வாசகர் எண்ண வேண்டிய தேவையே அற்றுப்போயிற்று. இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. பழைய இடர்ப்பாட்டைப் பொற்காலமாகப் போற்றுவோர் அதனால் வாசிக்க இயலாது போனோரை மறந்துவிடுகின்றனர்.

எனினும் தமிழ் குடியிருக்கும் இடம் மாறிவிட்டது. தனிநபர் தளங்களில் எழுதப்பட்டவை இன்று முகநூல், வாட்ஸ்அப் போன்ற நிறுவனத் தளங்களுக்குள் எழுதப்படுகின்றன. இலவசத் தளங்களும் நிலையானவையாக இருந்ததில்லை: ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது பல தமிழ்ப் பக்கங்களும் அழிந்தன. ஆயினும் அன்று ஒரு பக்கத்தை எவரும் தம் வன்வட்டில் படியெடுத்து வைக்க முடிந்தது. மூடிய குழுக்களுள் எழுதப்படுவதைப் படியெடுக்கும் உரிமையோ வழியோ நூலகத்திற்கு இல்லை.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து அச்சுப் பனுவல்களைப் பேரளவில் காத்து வருகிறது. அச்சிட்ட மரண அறிவித்தலும் கோயில் விழா மலரும் அத்தகைய சேகரங்களைச் சென்றடையும். வெக்ஸ்போர்ட்டின் ஒரு குடும்பம் இன்று தன் மூத்தோரின் மறைவைக் கைப்பேசிக் குழுவொன்றில் மட்டும் அறிவிக்குமாயின், அச்செய்தி பிழையற்ற யூனிகோடுத் தமிழில் இருந்தும், நாளைய ஆய்வாளரின் கைக்கு எட்டாது.